27 நாள் சைவத்துக்கு எங்கே தேடுவது? இணையத்து மரக்கறிக் குறிப்புகள்: ஓர் ஒப்பீடு

ஐப்பசி நெருங்கினால் எங்கள் ஒழுங்கையில் மீன்சட்டிகள் கவிழ்ந்துவிடும். கேதாரகௌரி விரதம் 21 நாள். அது அமாவாசையில் முடிய, மறுநாளே கந்தசஷ்டி தொடங்கி 6 நாள். இரண்டையும் பிடிக்கிற வீட்டில் ஒரே மூச்சில் 27 நாள் சைவம். மீன்பாடும் மட்டக்களப்பில் பிறந்து, கிழமையில் ஐந்து நாள் மீனும் இறாலும் ஆக்கிப் பழகிய கைக்கு முதல் கிழமை பெரிய பாடில்லை. பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வெண்டிக்காய்க் குழம்பு, கீரைச் சுண்டல், சொதி என்று ஓடிவிடும். இரண்டாம் கிழமை அதே ஐந்தும் திரும்பி வரும். மூன்றாம் கிழமை பிள்ளைகள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்புவார்கள். அப்போதுதான் போனை எடுத்துத் தேடத் தொடங்குகிறோம்.

கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்த தங்கச்சி ஒருத்தி, முதல் ஐப்பசியிலேயே என்னிடம் வந்தாள். “அக்கா, கத்தரிக்காய் எண்டு தேடினா நூறு வருது. எதை நம்பி ஆக்குற?” என்றாள். பிறகு இதே கேள்வியை வேறு பலரும் கேட்டார்கள். வைத்தியர் சொல்லி இறைச்சியை விட்டவர்கள், மகள் திடீரென்று சைவமாகிவிட்ட தாய்மார், வெளியூரில் வேலைக்குப் போய்த் தனியாகச் சமைக்கிற தம்பிமார் எல்லோருக்கும் இந்தத் தடுமாற்றம் இருக்கிறது. ஏழெட்டு வருடமாக நான் தேடி, ஆக்கி, சிலதைக் கொட்டி, சிலதைக் கொப்பியில் எழுதி வைத்ததிலிருந்து சொல்கிறேன்.

குறிப்பு நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன், அதைச் சொல்கிறவர் எந்த ஊர் அடுப்படியில் நின்று சொல்கிறார் என்று பாருங்கள். மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, அது நம் கணக்கில் சைவமா? ஆங்கிலத்தில் ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டையும் சேர்த்தி. நமக்கு முட்டை சைவமில்லை. ‘வீகன்’ என்றால் பால், தயிர், நெய், தேன் எதுவுமே இல்லை. அது நாம் கேட்பதைவிட இறுக்கம். விரத நாளில் சில வீடுகளில் வெங்காயமும் உள்ளியும் கூடச் சேராது. ஆக, ‘சைவம்’ என்ற ஒரு சொல்லுக்குள் நாலு கணக்கு இருக்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கு எது என்று முதலில் முடிவெடுங்கள்.

இரண்டாவது, சாமான். மட்டக்களப்புச் சந்தையிலோ களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஒரே நடையில் வாங்கக் கூடியதா? ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கிவிடும். தோட்டங்களில் தண்ணீர் நின்றால் மரக்கறி விலை ஏறும். அந்த நேரத்தில் கை கொடுப்பது வாழைக்காய், வாழைப்பொத்தி, பப்பாசிக்காய், மரவள்ளி, முருங்கை இலை போன்ற வளவுச் சாமான்கள். இவற்றுக்குக் குறிப்புத் தராத இடம், எவ்வளவு அழகாக இருந்தாலும், மாரியில் நமக்கு உதவாது.

மூன்றாவது அளவு. நாலாவது அடுப்பும் நேரமும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற பிறகு, ஒரு கறி அடுப்பில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்காமல் நான் எதையும் தொடங்குவதில்லை. ஐந்தாவது டேட்டா. நடுத்தரத் தெளிவில் பத்து நிமிட வீடியோ ஒன்று 80, 100 எம்பி அளவுக்குப் போகும். ஒரு கறி தேர்வதற்கு நாலு வீடியோ பார்த்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எழுத்தில் உள்ள குறிப்பு இரண்டு மூன்று எம்பியோடு முடிந்துவிடும்.

## தமிழ்நாட்டுச் சமையல்

தேடினால் முதலில் வந்து விழுவது இதுதான். எண்ணிக்கையும் அதிகம், மொழியும் தமிழ். முழுச் சைவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆக்கி வந்த சமையல் என்பதால் மரக்கறியில் அவர்களுக்குள்ள கைவரிசை பெரிது. ‘வெங்காயம் பூண்டு இல்லாத’ என்று சேர்த்துத் தேடினால் மோர்க்குழம்பு, பொரிச்ச கூட்டு, பருப்பு உசிலி என்று வரிசையாக வரும். முட்டை இல்லாத கேக்குக்கும் இந்தியப் பக்கங்கள்தான் நம்பிக்கையானவை. அங்கே முட்டை சேர்க்காத வீடுகள் ஏராளம் என்பதால் தயிர், பேக்கிங் சோடா, வினிகர் வைத்து அந்த வித்தையை நன்றாகத் தேற்றி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் இருந்து வரும் பக்கற்றுகளில் சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட்டிருப்பார்கள். அதுவும் நமக்கு உதவி.

மறைவான செலவு சொல்லில் இருக்கிறது. ஒரே தமிழ்தானே என்று நினைத்து நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு நவராத்திரிக்குப் பால் பாயசம் வைத்தேன். ‘பால் நன்றாகக் கொதித்ததும் ஒரு கப் சர்க்கரை சேர்க்கவும்’ என்று இருந்தது. நமக்குச் சர்க்கரை என்றால் பழுப்புக் கட்டிதானே. உடைத்துப் போட்டேன். கிண்டக் கிண்டப் பால் திரைந்து, மேலே தண்ணீரும் கீழே வெள்ளைத் துகளுமாகப் பிரிந்துவிட்டது. அவர்கள் சர்க்கரை என்று சொன்னது சீனியை. நம்முடைய சர்க்கரை அங்கே வெல்லம். வெல்லம் கொதிக்கிற பாலைத் திரைய வைக்கும். போட வேண்டுமானால் இறக்கி ஆறவிட்டுப் போட வேண்டும். அன்றைக்கு ஒன்றரை லீற்றர் பால் போனது.

அதற்குப் பிறகு கொப்பியின் முதல் பக்கத்தில் இந்த அட்டவணையை எழுதி வைத்தேன்.

| நாம் சொல்வது | தமிழ்நாட்டில் சொல்வது |
|---|---|
| சீனி | சர்க்கரை |
| சர்க்கரை | வெல்லம் |
| கோதுமை மா | மைதா |
| ஆட்டா மா | கோதுமை மாவு |
| தேங்காய்ப்பூ | துருவிய தேங்காய் |
| கச்சான் | வேர்க்கடலை, நிலக்கடலை |
| நற்சீரகம் | சீரகம் |
| பெருஞ்சீரகம் | சோம்பு |
| உள்ளி | பூண்டு |
| செத்தல் மிளகாய் | காய்ந்த மிளகாய், வரமிளகாய் |
| தேசிக்காய் | எலுமிச்சம்பழம் |
| பயிற்றங்காய் | காராமணிக்காய் |
| வாழைப்பொத்தி | வாழைப்பூ |
| ஈரப்பலா | சீமைப்பலா |
| பப்பாசிக்காய் | பப்பாளிக்காய் |

மேலே உள்ள ஐந்தும்தான் ஆபத்தானவை, ஏனென்றால் சொல் ஒன்று, பொருள் வேறு. சப்பாத்திக்குக் ‘கோதுமை மாவு’ என்று அங்கே சொன்னால் அது தவிட்டோடு அரைத்த ஆட்டா. நாம் கடையில் கோதுமை மா என்று கேட்டு வாங்குவது வெள்ளை மா. அதே அளவு தண்ணீரை ஊற்றினால் மா கையில் ஒட்டிப் பிசுபிசுக்கும். தேங்காய்ப்பூ என்றால் அங்கே முளைவிட்ட தேங்காய்க்குள் இருக்கிற பூ. மற்றச் சொற்கள் தேடும்போது உதவும்: ‘பயிற்றங்காய்’ என்று தேடிக் கிடைக்காதது ‘காராமணிக்காய்’ என்று தேடினால் கிடைக்கும்.

பருப்பிலும் ஒரு கணக்கு உண்டு. அவர்கள் சாம்பாருக்கும் கூட்டுக்கும் போடுவது துவரம்பருப்பு. குக்கரில் மூன்று நாலு விசில் விடுவார்கள். நம் வீட்டில் இருப்பது மைசூர்ப் பருப்பு. அதைக் குக்கரில் அத்தனை விசில் விட்டால் களியாகிவிடும். திறந்த சட்டியில் கால்மணி நேரத்துக்குள் வெந்துவிடுகிற பருப்பு அது. தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கே துவரம்பருப்பு கிடைக்காமல் இல்லை, ஆனால் அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது நாள்தோறும் ஆகிற காரியமில்லை.

கடைசியாக ஒன்று. இந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை தேங்காய்ப்பாலை நம்மைப்போலப் பாவிப்பதில்லை. தேங்காயை அரைத்துச் சேர்ப்பார்கள். பால்கறி தேடுகிறவர் அங்கே போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

## நம் நாட்டுத் தமிழ்ச் சமையல்

சொல்லில் சிக்கல் இல்லை. செத்தல் என்றால் செத்தல், முதற்பால் என்றால் முதற்பால். சொதி, வறை, பிரட்டல், பச்சடி, பிட்டுக்கு ஏற்ற கத்தரிக்காய்க் குழம்பு எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் இடம். 

இருந்தாலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இதில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துச் சமையல்; செய்து காட்டுகிறவர்களில் நிறையப் பேர் கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் மிளகாய் தூக்கலாக இருக்கும். நம் வீட்டுத் தூளைப் போடும்போது ருசி மாறும், அது குற்றமில்லை. ரின் தேங்காய்ப்பாலும் குளிரூட்டிய மரக்கறியும் வைத்துச் செய்து காட்டுகிறபோதுதான் கணக்குப் பிழைக்கும். ரின்னில் இருக்கிற பால் தடிப்பு. அதே அளவுக்கு நாம் பிழிந்த இரண்டாம் பாலை ஊற்றினால் கறி தண்ணீராக ஓடும்.

இன்னொன்று அளவு. ‘அளவாக உப்பு’, ‘தேவையான புளி’, ‘கொஞ்சம் தூள்’ என்று போவார்கள். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது போதும். புதிதாக ஆக்குகிறவருக்கு அது உதவாது. அந்தத் தங்கச்சி தவித்ததும் இதில்தான். அவளுக்கு நான் சொன்ன வழி: வீடியோவில் சட்டியைப் பாருங்கள், கரண்டியைப் பாருங்கள். தூள் போடுகிற கரண்டி தேக்கரண்டியா மேசைக்கரண்டியா என்று நிறுத்திப் பார்த்து எழுதுங்கள். ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு வீடியோவே தேவையில்லை, டேட்டாவும் மிச்சம்.

மனதில் பட்ட ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நம் கிழக்குச் சமையலை இணையத்தில் காண்பது அரிது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என் பெத்தா (பாட்டி) ஆக்கிய புளியாணமும், குறிஞ்சா இலைச் சுண்டலும், பலாக்கொட்டை போட்ட முருங்கை இலைக் கறியும் தேடினால் அதே பேரில் வருவதில்லை. ‘ஆணம்’ என்று தேடினால் வேறு எதுவோ வருகிறது. இவை இன்னும் பெரியவர்களின் கையில்தான் இருக்கின்றன. மாமி ஆக்கும்போது பக்கத்தில் நின்று, அவர் கையால் அள்ளியதை ஒரு கரண்டியில் கொட்டி அளந்து எழுதுங்கள். பெத்தாவிடம் நான் அப்படிச் செய்யாமல் விட்டது இன்றைக்கும் வலிக்கிறது.

## சிங்களச் சமையல் வீடியோக்கள்

அம்பாறைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான இடம். மட்டக்களப்பில் நம்மில் பலர் மொழி விளங்காது என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கக் கூடாது. பலாக்காய், ஈரப்பலா, தாமரைக் கிழங்கு, கொஹிலா என்ற சதுப்புநிலக் கிழங்கு போன்றவற்றில் அவர்களுடைய பக்குவம் நிகரற்றது. சாமான் அத்தனையும் இந்த நாட்டுச் சாமான், தேங்காய்ப்பால் நம்முடைய தேங்காய்ப்பால், ரம்பையும் கறுவாவும் சேர்க்கிற விதமும் நமக்கு நெருக்கம். பூசணிக்காயில் அவர்கள் வைக்கிற ‘வட்டக்க களு பொல்’ என்ற கறிக்கு அரிசியையும் தேங்காய்ப்பூவையும் கறுக்கிற பதம் வரை வறுத்து அரைத்துப் போடுகிறார்கள். பூசணியைத் தொடாத என் மகன் அதற்கு இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டான்.

இங்கே கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது மாசி. ஒரு சஷ்டிக்குச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கீரைச் சுண்டல் ஒன்று பார்த்தேன். தேங்காய்ப்பூவோடு ஏதோ பழுப்பாக ஒரு கரண்டி இடித்துப் போட்டார்கள். வறுத்த மிளகாயாக்கும் என்று நினைத்தேன். நல்லகாலம், அடுப்பு மூட்டுவதற்கு முன் அம்பாறையில் வேலை செய்யும் என் தம்பிக்கு அந்த வீடியோவை அனுப்பிக் கேட்டேன். “அக்கா, அது மாசிக்கருவாடு” என்றான். பார்க்க மரக்கறி, தலைப்பும் மரக்கறி, உள்ளே மீன். ‘உம்பலகட’ என்ற சொல்லைக் காதில் ஏற்றி வையுங்கள், அதுதான் மாசி. சம்பல், சுண்டல், சொதி போன்ற ‘கிரி ஹொதி’ இந்த மூன்றிலும் அது அடிக்கடி வரும். எடுத்துவிட்டுச் செய்தால் கறி கெட்டுப்போகாது. உப்பும் தேசிக்காய்ப் புளியும் ஒரு சொட்டுக் கூட்டினால் போதும்.

மொழி விளங்காதவர்கள் யூடியூபில் தன்னியக்க எழுத்துரையை மொழிபெயர்க்கச் சொல்லிப் பார்க்கலாம். அது அரைகுறையாகத்தான் வரும். சாமான் பட்டியலைத் தெரிந்த ஒருவரிடம் ஒருதரம் கேட்டுக்கொள்வது மேல்.

## கேரளம்: நாம் தேடாமல் விடுகிற இடம்

நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றி. பிட்டும் இடியப்பமும் அப்பமும் ஆக்குகிற, தேங்காயெண்ணெயில் தாளிக்கிற, ஈரப்பலாவையும் பிஞ்சுப் பலாக்காயையும் மரவள்ளியையும் வாழைக்காயையும் கறியாக்குகிற இன்னொரு கரை அது. மழையும் நம்மைப்போல, வளவும் நம்மைப்போல. தாய்வழிக் குடிமுறையில் மட்டக்களப்புக்கும் மலையாளக் கரைக்கும் உள்ள ஒற்றுமையை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அடுப்படியிலும் அந்த உறவு தெரிகிறது.

விரதத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. ஓணத்துக்கு வாழையிலையில் போடுகிற ‘சத்ய’ என்ற விருந்து வழக்கமாக முழுச் சைவம். அதில் வருகிற அவியல், ஓலன், எரிசேரி, காளன் நாலிலும் வெங்காயமோ உள்ளியோ இல்லாமலே செய்கிற வழக்கம் உண்டு. ‘ஓண சத்ய’ என்று தேடினால் ஒரு கிழமைக்குத் தேவையான கறி ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

ஓலனை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தங்கச்சி வீட்டில் நிலைத்துவிட்ட கறி அது. ஒரு பிடி சிவப்புக் கௌபியை இரவே ஊறவைத்து, காலையில் குலையாமல் அவித்து எடுங்கள். நீற்றுப்பூசணியைத் தோல் சீவி, மெல்லிய சதுரத் துண்டுகளாக வெட்டி, நீளமாகக் கீறிய பச்சைமிளகாய் நாலைந்தோடு இரண்டாம் பாலில் வேகவிடுங்கள். துண்டு கண்ணாடிபோலத் தெளிந்து வரும்போது கௌபியையும் உப்பையும் சேருங்கள். நெருப்பைக் குறைத்து முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்குங்கள். கொதிக்க விட்டால் பால் பிரியும். இறக்கியபின் ஒரு கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெயும் கிள்ளிய கறிவேப்பிலையும் போட்டு மூடி வையுங்கள். மஞ்சள் இல்லை, தூள் இல்லை, தாளிதம் இல்லை. கௌபி ஊறியிருந்தால் அடுப்பில் நிற்கிற நேரம் மிகக் குறைவு. நீற்றுப்பூசணி கிடைக்காத நாளில் பப்பாசிக்காயை வைத்துச் செய்தேன், நன்றாகவே வந்தது.

குறை என்றால் மொழி. மலையாளத்தில் பேசினாலும் பாதி விளங்கும். இஞ்சி, உப்பு, தேங்கா, வெளிச்செண்ண என்று நின்று கேட்டால் பிடிபடும். எழுத்தில் தேடுகிறவர்கள் கறியின் பேரை மட்டும் போட்டுத் தேடினாலே ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதியது கிடைக்கும். ஈரப்பலாவுக்கு ‘கடச்சக்க’ என்றும், பிஞ்சுப் பலாக்காய்க்கு ‘இடிச்சக்க’ என்றும் தேடுங்கள். புளித்த தயிர் சேர்க்கிற கறிகளுக்கு நம் படுவான்கரைச் சட்டித் தயிர் சற்று இனிப்பாக இருக்கும். ஒருநாள் வெளியே வைத்துப் புளிக்கவிட்டுப் பாவியுங்கள்.

## ஆங்கிலப் பக்கங்கள்

அளவில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. கிராம், நிமிடம், ஏன் இந்த நேரத்தில் இதைப் போட வேண்டும் என்ற விளக்கம் எல்லாம் இருக்கும். போறணை வேலைக்கும், சூப்புக்கும், பிள்ளைகள் கேட்கிற பாஸ்ரா, பர்கர் போன்றவற்றுக்கும் இங்கே போகலாம்.

ஆனால் ‘கப்’ என்று கண்டால் எந்த நாட்டுக் கப் என்று பாருங்கள். அமெரிக்காவில் 240 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் 250. மேசைக்கரண்டி அமெரிக்காவில் 15, அவுஸ்திரேலியாவில் 20. கறிக்கு இது பெரிதில்லை, கேக்குக்குப் பெரிது. அமெரிக்கப் பக்கத்தில் ‘ஒரு ஸ்டிக் பட்டர்’ என்றால் 113 கிராம். போறணை 350 பாகை என்றால் அது பாரன்ஹீட், நம் கணக்கில் 175க்குச் சற்று மேல். ‘ஒரு ரின் கடலை’ என்றால் உலர்ந்த கடலை 100, 120 கிராம் எடுத்து இரவு ஊறவைத்து அவித்தால் சரி. ‘ஒரு கத்தரிக்காய்’ என்றால் நம் கத்தரிக்காய் மூன்று நாலு வரும்.

சைவத்தில் மறைந்து வருகிற பொருள்கள் இங்கேதான் அதிகம். ஜெலி, புடிங், மார்ஷ்மலோவில் ஜெலற்றின். அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. அகர் அகர் என்ற கடற்பாசி கிடைத்தால் அதைப் போடலாம். வூஸ்டர் சோஸில் பெரும்பாலும் நெத்தலி போன்ற மீன் இருக்கும். தாய்லாந்துக் கறிக் கூட்டுப் பக்கற்றுகள் பலவற்றில் இறால் இருக்கும். பாமசான் சீஸ் கன்றின் வயிற்றில் இருந்து எடுக்கிற பொருளால் உறைய வைக்கப்படுகிறது. விரதக்காரருக்காக ஆக்குகிறீர்கள் என்றால் ‘வீகன்’ என்று தேடி, பிறகு நெய்யையும் தயிரையும் நாமாகச் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

## குறுவீடியோ, வட்ஸ்அப், செயற்கை நுண்ணறிவு

ஒரு நிமிடக் குறுவீடியோக்களை நான் குறிப்பாகவே எடுப்பதில்லை. யோசனைக்கு மட்டும் பார்ப்பேன். எண்ணெய் காயும் நேரமும் வதங்கும் நேரமும் அதில் வெட்டுப்பட்டுப் போகிறது, கறி கெட்டுப்போவதும் அந்த இடத்தில்தான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணும் ருசிக்குச் சாட்சியில்லை. பிடிக்கவில்லை என்ற எண்ணிக்கையை யூடியூப் 2021 நவம்பரில் மறைத்துவிட்டது. ஆகவே கீழே போய் ‘நான் செய்தேன்’ என்று எழுதியவர்களைத் தேடுங்கள். ‘உப்புக் கூடிவிட்டது’, ‘தண்ணீரைக் குறைத்தேன்’ என்ற ஒரு வரி நூறு கைதட்டலைவிடப் பயன்.

வட்ஸ்அப்பில் வருகிற குறிப்புகளில், அனுப்பியவர் தானே ஆக்கியதா என்று கேளுங்கள். ஆம் என்றால் எடுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்பது இப்போது கூடிவிட்டது. “வாழைக்காய், பயறு, அரைமூடித் தேங்காய் இருக்கு, வெங்காயம் உள்ளி வேண்டாம்” என்று தமிழிலேயே கேட்டால் நொடியில் மூன்று கறி சொல்லும். நாலு பேருக்கு உள்ளதை இருபது பேருக்குக் கூட்டித் தரும். ஆங்கில அளவை நம் அளவுக்கு மாற்றித் தரும். அன்னதானத்துக்குக் கணக்குப் போட எனக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் அது ஒருநாளும் சட்டி பிடித்ததில்லை. ஒருமுறை மரவள்ளிக்கிழங்கைக் குக்கரில் மூடி, இஞ்சியோடு அவிக்கச் சொன்னது. மரவள்ளியில் இயல்பாகவே சயனைட் நஞ்சு உருவாக்குகிற பொருள் இருக்கிறது. மூடியைத் திறந்து, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றுவது நம் பெரியவர்களின் வழக்கம். இஞ்சியையும் கிட்டச் சேர்க்கமாட்டார்கள். கிழங்கு, காளான், காட்டுக் கீரை, ஊறுகாய் போன்ற பிழைத்தால் வயிற்றைக் கெடுக்கும் விஷயங்களில் அதை நம்ப வேண்டாம்.

## எந்த நாளுக்கு எது

| தேவை | முதலில் தேடும் இடம் | பார்க்க வேண்டியது |
|---|---|---|
| வெள்ளிக்கிழமைச் சாதாரணச் சமையல் | நம் நாட்டுத் தமிழ் | கரண்டி அளவு |
| வெங்காயம் உள்ளி இல்லாத விரதம் | கேரளம், அடுத்தது தமிழ்நாடு | பருப்பு வகை |
| பலாக்காய், ஈரப்பலா, தாமரைக் கிழங்கு | சிங்களம், கேரளம் | மாசி |
| பலகாரம், பாயசம் | தமிழ்நாடு | சர்க்கரை, மா |
| முட்டை இல்லாத கேக் | இந்தியப் பக்கங்கள் | கப் அளவு |
| பிள்ளைகளின் புதுச் சாப்பாடு | ஆங்கிலம், ‘வீகன்’ என்று தேடி | சோஸ், சீஸ், ஜெலற்றின் |
| வீட்டில் இருப்பதை வைத்து ஒரு கறி | செயற்கை நுண்ணறிவு | வேகும் முறை |

புதுக்கறியை விரத நாளில் முதன்முதலாக ஆக்காதீர்கள். ஒருநேரம் மட்டும் சாப்பிடுகிற ஆளுக்கு முன் பிழைத்த கறியை வைப்பது மனதுக்குக் கஷ்டம். ஆவணி, புரட்டாதி வெள்ளிகளில் கிழமைக்கு ஒன்றாக ஆக்கிப் பாருங்கள். வந்ததைக் கொப்பியில் எழுதுங்கள்: தேங்காய் எத்தனை, தண்ணீர் எவ்வளவு, எத்தனை நிமிடம், வீட்டில் யார் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். சரிவராததையும் எழுதி வையுங்கள், அடுத்த வருடம் அதே வீடியோவை மறந்துபோய் மீண்டும் திறக்காமல் இருக்கும். எட்டு வெள்ளியில் ஆறு கறி தேறினாலும், பழைய ஐந்தோடு சேர்த்து ஐப்பசிக்குப் பதினொரு கறி கையில் இருக்கும். அந்தத் தங்கச்சி இந்த முறை ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போய் வந்த மறுநாளே தொடங்கிவிட்டாள்; முதல் பக்கத்தில் ஓலனும், அதற்குக் கீழே ‘பச்சைமிளகாய் மூன்று போதும், மாமாவுக்கு உறைப்பு ஆகாது’ என்றும் எழுதியிருக்கிறாள்.